பெருங்கையும் மடக்குக் கத்தியும்

கருவி என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் அதன் தொழிலை நினைக்கின்றதேயன்றி, அதனைப் பற்றும் கையை நினைப்பதில்லை. கோடரி மரத்தைப் பிளப்பது, அரிவாள் கதிரை அறுப்பது, கத்தி வெட்டுவது. இவ்வாறு ஒவ்வொரு கருவிக்கும் அதன் வாயைக் கொண்டே வரைவிலக்கணங் கூறுகின்றோம். ஆயினும் எக்கருவிக்கும் இரு முனைகள் உள. ஒன்று பொருளைத் தொடுவது. மற்றையது மனிதனைத் தொடுவது. முன்னையது பிழையாயின் வேலை கெடும். பின்னையது பிழையாயின் கை கெடும்.

நம்மூரில் வில்லுக்கத்தி என்றும் பேனாக்கத்தி என்றும் வழங்கும் மடக்குக் கத்தியைப் பொறுத்தவரை இவ்வுண்மை மும்மடங்கு வலிமை பெறுகின்றது. பிற கத்திகளிற் பிடி வேறு, உறை வேறு. மடக்குக் கத்தியிலோ பிடியே உறையாகவும் அமைந்துள்ளது. கூரிய அலகு எந்தப் பள்ளத்துள் மடங்கி ஒடுங்குகின்றதோ, அப்பள்ளத்தின் வாயிலேயே நமது விரல்கள் நான்கும் கிடக்கின்றன. கத்தி எதிர்பாரா வகையில் மடங்குமாயின் அதன் வழியில் நிற்பவை அவ்விரல்களே. விரல்களை மடக்குந் தசைநாண்களும், உணர்ச்சி தரும் நரம்புகளும் விரல்களின் உட்புறத்திலே, தோலுக்கு மிகவும் அணித்தாக ஓடுகின்றன. ஆகவே, ஆழமான ஒரு வெட்டு, ஒரு விரலின் மடங்குந் திறனை வாழ்நாள் முழுவதும் போக்கிவிடவுங் கூடும்.

பாசறை செல்லும் சாரணரும், மலையேறுவோரும், காட்டு வழி நடப்போரும் மடக்குக் கத்தியை விரும்பிக் கொள்கின்றனர். அவர்களுள் இயல்பாகவே பெரிய கையுடையார், கடையிற் கிடைக்கும் கத்தி தம் கைக்குட் புதைந்து போவதைக் கண்டு, "பெரிய கத்தி" ஒன்றைத் தேடுகின்றனர். அத்தேட்டத்தில் அவர்கள் பெரும்பாலும் அலகின் நீளத்தையே அளந்து பார்க்கின்றனர். அளக்க வேண்டியது அலகன்று, கையே என்பதையும், அவ்வளவிலிருந்து ஏனைய இயல்புகள் யாவும் எவ்வாறு பெறப்படுகின்றன என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கையின் இருவகைப் பிடிகள்

மனிதனின் கை பொருள்களைப் பற்றும் முறைகள் எண்ணிறந்தன போலத் தோன்றினும், அவை அடிப்படையில் இரண்டே என்பதை ஆங்கில உடற்கூற்றறிஞர் ஜோன் நேப்பியர் 1956ஆம் ஆண்டிலே தெளிவாக எடுத்துக்காட்டினார். ஒன்று வலுப்பிடி; மற்றையது நுண்பிடி. சுத்தியலைப் பிடிக்கும்போது விரல்கள் மடங்கிப் பிடியை உள்ளங்கையோடு சேர்த்து இறுக்குகின்றன, இது வலுப்பிடி. எழுதுகோலைப் பிடிக்கும்போது பெருவிரலும் ஏனைய விரல்களின் நுனிகளும் மட்டுமே தொழிற்படுகின்றன, உள்ளங்கைக்கு அங்கு வேலையில்லை, இது நுண்பிடி.

பேனாக்கத்தி என்னும் பெயர் இவ்விடத்தில் நமக்கு ஒரு வரலாற்றுண்மையை உணர்த்துகின்றது. இறகைச் சீவி எழுதுகோலாக்கிய காலத்தில், அவ்விறகின் முனையைத் திருத்துவதற்கென எழுந்த சிறு கத்தியே அது. இறகைச் சீவுவோன் கத்தியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடிப்பதில்லை. விரல் நுனிகளாற் பற்றி நுட்பமாக இழுப்பான். ஆகையால் அதன் பிடி சிறிதாயிருத்தல் குறையன்று, குணமே. அச்சிறு கத்தியையே பாசறைக்குக் கொண்டு சென்று, தடித்த கயிற்றை அறுக்கவும், கூடார முளையைச் சீவவும், அடுப்பெரிக்க விறகைச் செதுக்கவும் முயலும்போது தொழில் மாறிவிடுகின்றது. நுண்பிடிக்கென அமைந்த கருவியிலிருந்து வலுப்பிடியை எதிர்பார்க்கின்றோம். சிறிய கையுடையார் ஓரளவு சமாளிப்பர். பெரிய கையுடையாருக்கோ அதில் இரண்டு விரல்களுக்கே இடங் கிடைக்கும். ஏனையவை காற்றைப் பற்றிக்கொண்டிருக்கும்.

மடக்குக் கத்தி புதுவதாக வந்த பொருளன்று. ஒஸ்திரியா நாட்டின் ஹால்ஸ்ராற் என்னுமிடத்திற் கிடைத்த மடக்குக் கத்தியொன்று கி.மு. 6ஆம் நூற்றாண்டளவினதாகக் கணிக்கப்பட்டுள்ளது. உரோமரும் அதனைச் செய்து பயன்படுத்தினர். இத்துணை நீண்ட வரலாறுடைய கருவி பற்பல அளவுகளிற் செய்யப்பட்டமைக்குக் காரணம், கைகளும் தொழில்களும் பலவாயிருந்தமையே.

கையை அளத்தல்

நம் முன்னோர் வழங்கிய நீட்டலளவைகளான விரல், சாண், முழம் என்பன யாவும் கையிலிருந்து பிறந்தவை. பிற்காலத்தார் இவற்றை ஆளுக்காள் வேறுபடுவன என்று ஒதுக்கினர். நிலத்தை அளப்பதற்கு அது குறையே. கருவியின் பிடியை அளப்பதற்கோ அதுவே சிறப்பு. ஒருவன் பிடிக்கும் பொருளை அவனது கையாலேயே அளப்பதினும் பொருத்தமான முறை வேறில்லை.

எனினும் ஒப்பு நோக்குதற்குப் பொதுவான எண்கள் சில வேண்டும். 1988ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரைப்படையினரிடையே நிகழ்ந்த விரிவான உடலளவை ஆய்வின்படி, ஆடவரின் கை நீளம், அதாவது மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரையுள்ள தூரம், சராசரியாக 19.4 சென்ரிமீற்றர், பெருவிரலை நீக்கி உள்ளங்கையின் அகலம் சராசரியாக 9 சென்ரிமீற்றர். நூறு பேரில் ஏறத்தாழ ஐவருக்கே கை நீளம் 21.1 சென்ரிமீற்றரையும், உள்ளங்கை அகலம் 9.8 சென்ரிமீற்றரையும் விஞ்சியிருந்தது. இவ்வெல்லையை அடைந்த கையையே இக்கட்டுரையிற் பெருங்கை எனக் கொள்வோம்.

வலுப்பிடிக்குரிய கருவியின் பிடி, கையின் மிக அகன்ற பகுதியிலும் நீண்டிருத்தல் வேண்டும் என்பது பொறியியலார் துணிபு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட கைக்கருவித் தேர்வு வழிகாட்டி, இந்நீளத்தைப் பொதுவாக 4 அங்குலம் முதல் 6 அங்குலம் வரை எனக் குறிக்கின்றது. பிடி அதனிலுங் குறுகின், அதன் அடிமுனை உள்ளங்கையின் நடுவே நின்று குத்தும். உள்ளங்கையின் நடுப்பகுதி மென்மையானது. நரம்புகளும் குருதிக் குழாய்களும் செல்லுமிடம். அழுத்தத்தைத் தாங்குதற்கு ஏற்றதன்று.

மடக்குக் கத்திக்கு இதனோடு இன்னொரு தேவையும் உண்டு. சுட்டுவிரலுக்கும் அலகு சுழலும் ஆணிக்கும் இடையிற் சிறிது வெளி இருத்தல் வேண்டும். ஆகவே உள்ளங்கையின் அகலத்தோடு ஓர் அங்குலம், அதாவது 2.5 சென்ரிமீற்றர், கூட்டிக் கொள்வது தக்க கணக்காகும். சராசரிக் கைக்கு 11.5 சென்ரிமீற்றர் நீளமுள்ள பிடி போதும். பெருங்கைக்கு 12.3 சென்ரிமீற்றர் வேண்டும். அளவுகோல் இல்லாதவிடத்து, மூடிய கத்தியின்மேல் இரு கைகளின் விரல்களையும் நெருக்கி வைத்துப் பார்க்கலாம். தன் கையால் ஆறு விரற்கடை நீளமுள்ள பிடி தனக்கு ஏற்றது எனக் கொள்க. நால்விரற்கடைக்குக் குறைந்தது ஒருபோதும் ஏற்றதன்று.

மடிப்பின் கணக்கு

அலகு பிடிக்குள் மடங்கி அடங்க வேண்டும் என்பதனால், அலகு என்றும் பிடியிலுங் குறுகியதே. எவ்வளவு குறுகியது என்பதற்குச் சில பெயர்பெற்ற கத்திகளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

பிரான்சு நாட்டின் சவோய் மலைப்பகுதியில், யோசேப்பு ஒப்பினெல் என்னும் இளைஞர் 1890ஆம் ஆண்டிலே செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி, உழவரும் இடையரும் கையாளும் பொதுக் கருவியாகப் பரவியது. 1897ஆம் ஆண்டில் அவர் அதனை 1ஆம் இலக்கம் முதல் 12ஆம் இலக்கம் வரை பன்னிரண்டு அளவுகளில் வகைப்படுத்தினார். ஒரே அமைப்பு, பன்னிரண்டு அளவு. கையும் தொழிலும் பலவென்பதை உணர்ந்த ஒரு கைவினைஞரின் செயல் இது. 1909ஆம் ஆண்டில் அவர் பதிவு செய்த வணிகச் சின்னமும், முடி சூடிய ஒரு கையின் உருவமே. அயலிலுள்ள சான் சான் த மோரியன் நகரத்தின் சின்னத்திலிருந்து அக்கை எடுக்கப்பட்டதாயினும், கத்திக்கு அதனினும் பொருத்தமான குறி வேறெதுவாகும்?

அவ்வகையின் 8ஆம் இலக்கக் கத்தியில் அலகு 8.5 சென்ரிமீற்றர், பிடி ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர். 10ஆம் இலக்கத்தில் அலகு 10, பிடி 13. 12ஆம் இலக்கத்தில் அலகு 12, பிடி 16. அமெரிக்காவிற் பக் நிறுவனம் 1964ஆம் ஆண்டளவில் வெளியிட்ட 110ஆம் இலக்க வேட்டைக் கத்தியில் அலகு 9.5 சென்ரிமீற்றர், பிடி 12.4 சென்ரிமீற்றர். இவற்றை வகுத்து நோக்கின், அலகு பிடியின் நான்கில் மூன்று பங்கினும் மிகச் சிறிதே கூடியிருத்தல் புலனாகும். நாடும் காலமும் அமைப்பும் வேறாயினும் விகிதம் மாறவில்லை. மடிப்பின் கேத்திர கணிதம் அவ்வாறு கட்டுப்படுத்துகின்றது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு கருதத்தக்கது. பெருங்கைக்கு வேண்டிய 12.3 சென்ரிமீற்றர்ப் பிடியுள் அமையும் அலகு, மேற்கூறிய விகிதப்படி ஏறத்தாழ 9.5 சென்ரிமீற்றராகும். பாசறையிற் பழம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் 7 சென்ரிமீற்றர் அலகு பெரும்பாலும் போதுமானது. ஆனாற் பெருங்கையுடையான் 9.5 சென்ரிமீற்றர் அலகைச் சுமக்கின்றான். அவனுக்கு நீண்ட அலகு வேண்டியதனாலன்று. நீண்ட பிடி வேண்டியதனாலேயாம். "பெரிய கத்தி" என்பதன் உண்மைப் பொருள் பெரிய பிடியுடைய கத்தி என்பதே. இதனை உணராதவர், நீண்ட அலகும் மெலிந்து குறுகிய பிடியும் உடைய அழகிய கத்திகளைப் பொருள் கொடுத்து வாங்கி இடர்ப்படுவர்.

சுவிற்சர்லாந்துப் படைக்கத்தியின் வரலாறும் இவ்வழியே சென்றுள்ளது. கார்ல் எல்சனர் 1891ஆம் ஆண்டிலே தம் நாட்டுப் படைக்குக் கத்தி வழங்கத் தொடங்கினார். அவர் நிறுவிய தொழிற்சாலையே இன்று விக்டோறினொக்ஸ் என அறியப்படுவது. 1961ஆம் ஆண்டின் படைவீரர் கத்தி 93 மில்லிமீற்றர் நீளமானது, பூட்டற்றது. 2008ஆம் ஆண்டில் அதற்குப் பதிலாக ஏற்கப்பட்டது 111 மில்லிமீற்றர் நீளமானது, பூட்டுடையது, ஒரு கையாலே திறக்கத் தக்கது. படைவீரர் கைகளிற் பிடிக்குங் கருவி நீண்டமை தற்செயலன்று. எனினும் 11.1 சென்ரிமீற்றரும் பெருங்கைக்குச் சற்றுக் குறைவே என்பதை மேற்கண்ட கணக்குக் காட்டும்.

நீளத்தோடு தடிப்பும்

பிடியின் நீளத்தை மட்டும் நோக்கித் தடிப்பை மறத்தல் கூடாது. வலுப்பிடிக்குரிய கருவியின் பிடி ஒன்றேகால் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை விட்டமுடையதாயிருத்தல் நன்று என்று முற்கூறிய வழிகாட்டி கூறுகின்றது. சட்டைப்பையில் இடுதற்கெனச் செய்யப்படும் மடக்குக் கத்திகளோ பெரும்பாலும் ஒரு சென்ரிமீற்றருக்கும் இரண்டு சென்ரிமீற்றருக்கும் இடைப்பட்ட தடிப்பே உடையன. பெருங்கை அவற்றைப் பற்றும்போது விரல் நுனிகள் சுற்றி வந்து உள்ளங்கையையே முட்டுகின்றன. அப்பொழுது கை பிடியை இறுக்குவதில்லை, தன்னையே இறுக்குகின்றது.

அமுக்கம் என்பது விசையைப் பரப்பால் வகுக்க வருவது என்பதை மாணவர் அறிவர். தட்டையான மெல்லிய பிடியின் விளிம்பிற் பரப்புச் சிறிது. ஆகவே அதே விசைக்கு அமுக்கம் பெரிது. அரைமணி நேரம் விறகு செதுக்கிய பின்னர் உள்ளங்கையிற் கொப்புளம் எழுதற்குக் காரணம் இதுவே. உருண்டு திரண்ட மரப்பிடி விசையை அகன்ற பரப்பிற் பரப்பிவிடுகின்றது. ஒப்பினெல் கத்தியின் பிடி நடுவிற் பருத்து, அடியில் மெல்லென வளைந்து முடிதலால் இவ்விடயத்திற் சிறப்புடையது. பக் கத்தியோ பித்தளைத் தலைப்பும் மரத் தகடுகளும் உடையதாய் 204 கிராம் நிறையுள்ளது. அது கையை நிரப்பும், ஆனாற் சட்டைப்பையைக் கிழிக்கும். ஆதலால் இடைவாரில் உறையிட்டே அணியப்படுகின்றது. நிறைந்த பிடியைக் கேட்பவன் அதன் சுமையையும் ஏற்க வேண்டும்.

பூட்டும் திருப்பமும்

கத்தி வாங்குவோர் பலரும் முதலிற் கேட்பது பூட்டின் வலிமையையே. பூட்டு வேண்டியதுதான். ஆயினும் பூட்டின்மேல் எத்துணைச் சுமை விழுகின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

விரிந்த அலகு ஒரு நெம்புகோல். சுழலாணி அதன் பொறுதி. அலகின் முதுகில், ஆணியிலிருந்து 9 சென்ரிமீற்றர் தூரத்தில் 5 கிலோகிராம் நிறையின் விசை விழுகின்றது எனக் கொள்வோம். பூட்டு அலகைத் தாங்குமிடம் ஆணியிலிருந்து முக்காற் சென்ரிமீற்றர் தூரத்தில் உள்ளதாயின், திருப்பங்கள் சமமாதல் வேண்டும் என்னும் விதிப்படி, பூட்டு 60 கிலோகிராம் நிறையின் விசையைத் தாங்க வேண்டும். ஐந்து அறுபதாகின்றது. அலகு நீளுந்தோறும் இப்பெருக்கமும் நீளும். பெருங்கையுடையார் பொதுவாக வலிமை மிக்க புயமும் உடையார். நீண்ட அலகையும் உடையார். இவ்விரண்டும் சேர்ந்து பூட்டை இருமடங்கு சோதிக்கின்றன.

இதனாற் பூட்டு முதலரண் அன்று, மூன்றாம் அரணே. முதலரண் கையை நிரப்பும் பிடி. அது விரல்களை அலகின் வழியிலிருந்து விலக்கி, சுழலாணிக்குப் பின்னே நிறுத்துகின்றது. இரண்டாம் அரண் விசையின் திசை; கூரின் பக்கமாக அழுத்தும்போது அலகு மேலும் விரிய முயலுமேயன்றி மடங்காது. அலகின் முதுகை அடித்தல், துளையிடுவதற்காகக் குத்தித் திருகுதல், விறகிற் செருகிய கத்தியைத் தடியால் அடித்துப் பிளத்தல் ஆகியன யாவும் இவ்விரண்டாம் அரணை உடைப்பன. மடக்குக் கத்தியால் அவற்றைச் செய்தல் தகாது. ஒப்பினெல் கத்திக்கு 1955ஆம் ஆண்டிலேயே மார்செல் ஒப்பினெல் சுழலும் வளையப் பூட்டை அமைத்தார். அதற்கு முன் 65 ஆண்டுகள் சவோய் மக்கள் பூட்டின்றியே அதனைக் கையாண்டனர். அவர்களைக் காத்தவை முன்னைய இரண்டு அரண்களுமே.

பூட்டின் வகைகளும் பெருவிரலும்

பூட்டின் வகையும் கையின் பருமையும் ஒன்றோடொன்று தொடர்புடையன. வளையப் பூட்டில், பிடியின் தலைப்பிலுள்ள உலோக வளையத்தைத் திருகினால் அலகு மடங்காது நிற்கும். பெரிய விரல்களுக்கு இது எளிது. திறக்கவும் மூடவும் விரல் அலகின் வழியிற் செல்ல வேண்டுவதில்லை. ஆனால் இரு கைகளும் வேண்டும்.

முதுகுப் பூட்டில், பிடியின் முதுகிலுள்ள சட்டம் வில்லின் விசையால் அலகின் அடியிலுள்ள வெட்டிற் பொருந்துகின்றது. பக் கத்தியின் பூட்டு இவ்வகையது. இதனை விடுவிக்கும் இடமும் அலகின் வழியிலிருந்து விலகி முதுகிலேயே உள்ளது. பருத்த உள்ளங்கை இறுக்கிப் பற்றும்போது அவ்விடத்தைத் தானறியாது அழுத்தக்கூடும் என்பதே இதிற் கவனிக்க வேண்டியது. சில கத்திகளில் அச்சட்டத்திற் சிறு குழிவு அமைத்து இவ்விடரை நீக்கியுள்ளனர்.

தகட்டுப் பூட்டில், பிடியின் உள்ளே ஒரு பக்கத்துள்ள மெல்லிய தகடு வளைந்து வந்து அலகின் அடியைத் தாங்குகின்றது. அதனை விடுவிக்கப் பெருவிரல் பிடியின் பள்ளத்துட் புகுந்து தகட்டை ஒதுக்க வேண்டும். மெல்லிய விரலுக்கு இது சுலபம். தடித்த பெருவிரலுக்கு அப்பள்ளம் இடுக்கமானது. தகடு ஒதுங்கிய கணத்தில் அலகு மடங்கத் தொடங்கும்போது விரல் இன்னும் அங்கேயே நிற்கும். பெருங்கையுடையார் இவ்வகைக் கத்தியைத் தெரிவதாயின், விரல் புகுமிடம் நன்கு அகன்றிருத்தலைக் கையில் வைத்துப் பார்த்தே தெரிதல் வேண்டும்.

திறக்கும் முறையும் இவ்வாறே. பழைய கத்திகளில் அலகின் பக்கத்தே நகம் புகும் ஒரு கீற்றுப்பள்ளம் உண்டு. தடித்த விரலும் குறுக வெட்டிய நகமும் உடையாருக்கு அது பெருந்தொல்லை. மழையில் நனைந்த கைக்கு மேலும் தொல்லை. அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட கத்தியில், அலகிலே வட்டமான துளையொன்று அமைந்தது. பெருவிரலின் சதை அத்துளையிற் பதிந்து அலகைத் தள்ளுதலால் நகத்துக்கு வேலையில்லாது போயிற்று. பருத்த விரலும் குளிரில் விறைத்த விரலும் ஒருங்கே பயனடைந்தன.

மரப்பிடிக் கத்தியில் மற்றொரு குறையும் உண்டு. ஈரத்தில் மரம் பருத்து அலகை இறுக்கிக்கொள்ளும். அப்பொழுது நகத்தால் இழுத்து வருந்தாது, பிடியின் அடியை ஒரு மரக்கட்டையிலே தட்டினால் அலகின் முனை சற்று வெளிப்படும் என்பது சவோய் மக்கள் கண்ட உபாயம்.

அலகும் உருக்கும்

பாசறையிற் கத்தி செய்யும் தொழில்களில் உணவு தயாரித்தலே மிகுதி. பாணை வெட்டவும், வெங்காயம் அரியவும், பழத்தைத் தோல் சீவவும் மெல்லிய அலகே சிறந்தது. தடித்த அலகு பொருளை வெட்டுவதற்குப் பதிலாகப் பிளந்துவிடும். பெரிய கை என்பதனாற் பெரிய தடிப்புள்ள அலகும் வேண்டும் என எண்ணுதல் பொருந்தாது. பிடி தடித்திருக்க, அலகு மெலிந்திருத்தலே நல்லிலக்கணம்.

உருக்கு இருவகைப்படும். காபன் உருக்கு எளிதிற் கூர் பெறும்; எளிதில் துருவும் ஏறும். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்ததே கறையில் உருக்கு. ஒப்பினெல் கத்தி இவ்விரு வகையிலும் கிடைக்கின்றது. ஏறத்தாழ 0.9 சதவீதம் காபன் கொண்டது ஒன்று, ஏறத்தாழ 13.5 சதவீதம் குரோமியமும் 0.6 சதவீதம் காபனும் கொண்டது மற்றொன்று. கடற்காற்று வீசுவதும் ஈரப்பதன் மிகுந்ததுமான நம் நாட்டிற் பின்னையதே கவலை குறைந்தது. காபன் உருக்கைக் கொள்வோர் தேசிக்காய் வெட்டியவுடன் கழுவித் துடைத்து, சிறிது எண்ணெய் பூசி வைத்தல் வேண்டும். எவ்வகையாயினும், மடிப்பினுட் புகுந்த உணவுத் துணிக்கைகளை நீக்காது விடின் பூட்டுச் சரிவரப் பொருந்தாது. அழுக்கடைந்த பூட்டு அரைப்பூட்டே.

சட்டத்தின் எல்லை

பெருங்கையும் நாட்டுச் சட்டமும் முரண்படும் இடம் ஒன்றுண்டு. இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், தக்க காரணங் காட்டாது பொதுவிடத்திற் கொண்டு செல்லத்தக்க மடக்குக் கத்தியின் கூர்ப்பகுதி 3 அங்குலத்தை, அதாவது 7.62 சென்ரிமீற்றரை, விஞ்சலாகாது என விதித்தது. பூட்டுடைய கத்தி அச்சலுகையுள் அடங்காதென 1993ஆம் ஆண்டில் நீதிமன்றம் தீர்த்தது. 7.62 சென்ரிமீற்றர் அலகுக்கு முன்கண்ட விகிதப்படி அமையும் பிடி ஏறத்தாழ 9.9 சென்ரிமீற்றர். பெருங்கையின் உள்ளங்கை அகலமோ 9.8 சென்ரிமீற்றர். விரல்கள் நான்கும் மயிரிழையில் அடங்கும், முன்னும் பின்னும் வெளியில்லை, பூட்டும் இல்லை. சட்டம் அலகை அளந்தது, கையை அளக்கவில்லை. அலகைக் குறுக்கிப் பிடியை மட்டும் நீட்டிச் செய்த கத்திகளே அத்தகையோருக்கு ஏற்றன. பாசறைக்குச் செல்லுதல் போன்ற தக்க காரணம் உள்ளவிடத்துப் பெரிய கத்திக்கும் இடமுண்டெனினும், அதனைக் காட்ட வேண்டிய பொறுப்புக் கொண்டு செல்வோனுடையதே. வேற்று நாடு செல்வோர் அந்நாட்டு விதியை முன்னரே அறிந்து கொள்ளல் கடமை.

மடங்காக் கத்தி

இதுகாறும் கூறியவற்றை நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. பிடியை நீட்டினால் அலகும் நீள்கின்றது. அலகு நீண்டால் பூட்டின் சுமை கூடுகின்றது. பிடியைத் தடிப்பாக்கினாற் பையிற் கொள்ளாது. அவ்வாறாயின் மடக்குவதன் பயன் யாது? இவ்வையம் நியாயமானதே. இடைவாரில் உறையிட்டு அணிய வேண்டிய அளவுக்குக் கத்தி பெருத்தபின், மடிப்பினாற் பெறும் நன்மை சிறிதே. சுவீடன் நாட்டின் மோறாப் பகுதியிற் செய்யப்படும் சிறு உறைக்கத்திகளில், அலகு 10 சென்ரிமீற்றர் அளவினதாயினும் பிடி பருத்துக் கையை நிரப்புகின்றது. மடிப்பும் இல்லை, பூட்டும் இல்லை, மடங்கி விரலை வெட்டும் அச்சமும் இல்லை. விறகு செதுக்குதலையே முதன்மையாகக் கொள்வோருக்கு அத்தகைய மடங்காக் கத்தியே ஏற்றது. ஒரே கத்தி பையிலும் அடங்க வேண்டும், பல தொழிலுக்கும் உதவ வேண்டும், பிறர் நடுவே எடுக்கும்போது அச்சமூட்டாதிருக்க வேண்டும் என்போருக்கே பெரிய மடக்குக் கத்தி உரியது.

தெரியும் முறை

கடையில் நிற்பவன் செய்யவேண்டிய சோதனைகள் எளியன. முதலில் மூடிய கத்தியைத் தன் ஆறு விரற்கடையோடு ஒப்பிட்டுப் பார்க்க. பின்னர் விரித்து, முட்டி இறுகப் பற்றி, சுட்டுவிரல் சுழலாணிக்குப் பின்னே நிற்கின்றதா, சிறுவிரலுக்குப் பிடியில் இடமுண்டா என நோக்குக. அடுத்து, விரல் நுனிகள் உள்ளங்கையை முட்டுகின்றனவா என்று பார்க்க. முட்டின் பிடி மெலிந்தது. பின்பு, நகத்தின் உதவியின்றித் திறக்க முடிகின்றதா, மூடும்போது எந்த விரலாவது அலகின் வழியில் நிற்கின்றதா எனப் பன்முறை மெல்லச் செய்து பார்க்க. இறுதியாகவே அலகின் நீளத்தையும், உருக்கின் பெயரையும், விலையையும் கேட்க. இவ்வொழுங்கை மாற்றிச் செய்வோர் முதலிலே கண்ணால் வாங்கிப் பின்னர் கையால் வருந்துவர்.

மேற்கண்ட கணக்கின்படி, பெருங்கையுடையானுக்கு ஒப்பினெல் 10ஆம் இலக்கமும், பக் 110ஆம் இலக்கமும் பொருந்தும். 8ஆம் இலக்கம் சராசரிக் கைக்கே சற்றுக் குறுகியது. 12ஆம் இலக்கம் பாணும் பூசணிக்காயும் வெட்ட உதவுமேயன்றி நாள்தோறும் சுமத்தற்குப் பெரிது. முன்னைய இரண்டில், நிறை குறைந்ததும் உருண்ட பிடியுடையதும் முதலது. உறுதியும் உறையும் உடையது மற்றையது. இவையன்றி வேறு கத்திகளும் பலவுள. அளவறிந்தார் எதனையும் ஆய்ந்து கொள்வர்.

ஆசிரியரும் சாரணத் தலைவரும் இங்கு எண்ணவேண்டியது ஒன்றுண்டு. ஒரு வகுப்பு மாணவர் யாவருக்கும் ஒரே அளவான கத்தியை வழங்குதல் சமத்துவம் போலத் தோன்றும். பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கையும், பதினெட்டு வயது இளைஞனின் கையும் ஒன்றல்ல. ஒரே வயதினர் கைகளும் ஒன்றல்ல. ஒவ்வொருவனுக்கும் அவனவன் கைக்கேற்றதைக் கொடுத்தலே உண்மையான சமத்துவம். கருவியைத் தெரிவதற்கு முன் கையை அளக்கக் கற்பித்தல், கத்தியைக் கையாளக் கற்பிக்கும் முதற் பாடமாக அமைதல் வேண்டும். அப்பாடத்திற்கு வேண்டிய அளவுகோலை ஒவ்வொரு மாணவனும் தன்னுடனேயே கொண்டு வருகின்றான்.